மலையின் இருபுறமும் காயிதே மில்லத்

உதகை நகரில் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளுள் ஒன்று காந்தல். குருசடித் திருத்தலமும் காசி விசுவநாதர் ஆலயமும் பள்ளிவாசலும் கொண்ட அவ்வூரில் தமிழோடு கன்னடமும் மலையாளமும் உருதும் காதில் விழும். அங்கிருந்து கூடலூர் சென்று, நாடுகாணி வழியாக மலையிறங்கி, நிலம்பூரைக் கடந்தால் மஞ்சேரி வந்துவிடும். பேருந்தில் ஒரு பகற்பொழுதுகூட ஆகாத தொலைவு. 1962ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை அந்த மஞ்சேரி மக்களவைத் தொகுதியின் உறுப்பினராக விளங்கியவர், திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த தமிழராகிய முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள். சமுதாயம் அவரைக் காயிதே மில்லத் என்று அழைத்தது.

மலையாளம் பேசும் மஞ்சேரி வாக்காளர் அவருடைய பெயருக்கு நேராகவே முத்திரையிட்டார். அவருடைய தாய்மொழியைப் பேசும் காந்தல் வாக்காளருக்கோ அந்த வாய்ப்பு ஒருமுறையேனும் வாய்க்கவில்லை. ஒரே கட்சியை நம்பிய இருவரை ஒரு மலைத்தொடர் இவ்வாறு பிரித்து வைத்தது ஏன் என்பதை ஆராய்ந்தால், அப்பெருந்தகையின் அரசியல் வாழ்வில் இருந்த கடினமான முடிச்சு புலப்படும்.

ஒரு கட்சியில் பற்றுள்ள வாக்காளர் முன் தேர்தல்தோறும் இரு கேள்விகள் நிற்கின்றன. நம் கொள்கையைக் குறைவின்றி எடுத்துரைக்கக் கூடியவர் யார்? வெற்றி பெறக் கூடியவர் யார்? இரண்டுக்கும் விடையாக ஒருவரே அமைந்துவிட்டால் நன்று. அமையாதபொழுதுதான் ஒரே தெருவில் வாழ்வோர் இரு அணியாகின்றனர். கொள்கை பேசுவோரை உலகறியாதவர் என்று ஒரு சாராரும், வெற்றி பேசுவோரைப் பதவிப் பித்தர் என்று மறு சாராரும் ஏசுகின்றனர். காயிதே மில்லத் அவர்களின் எளிமையையும் இறையச்சத்தையும் பற்றி இத்தகைய மலர்களில் பலரும் நிறைவாக எழுதியுள்ளனர். ஆகவே நாம் அவற்றை விடுத்து, இந்த ஒரு கேள்வியின் வழியாக மட்டும் அவருடைய வாழ்வை நோக்குவோம்.

மௌலவி மியாக்கான் இராவுத்தர் அவர்களின் மகனாக 1896ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். திருநெல்வேலியிலும் திருச்சியிலும் சென்னையிலும் பயின்று, பி.ஏ. தேர்வு நெருங்கிய வேளையில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுக் கல்லூரியைத் துறந்தார். (தேர்வு எழுதாமற்போனதை மட்டும் நம் மாணவர்கள் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டா, அது வேறு காலம்.) பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1930களின் நடுப்பகுதியில் முஸ்லிம் லீக்கில் சேர்ந்து, படிப்படியாகச் சென்னை மாகாணத் தலைவராக உயர்ந்தார்.

அவர் தேர்தல் அரசியலுக்கு வந்த காலத்தில் நாம் மேலே கூறிய சிக்கல் எழவில்லை. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முதல் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் இருந்தன. முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிப்பர். அவர்களிலும் சொத்தோ கல்வியோ உடையோர்க்கே அவ்வுரிமை உண்டு. பிற சமயத்தார் ஏற்பரா மறுப்பரா என்று எண்ணிப் பார்க்கும் தேவையே வேட்பாளருக்கு இல்லை. 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முஸ்லிம்களுக்குரிய இடங்களை முஸ்லிம் லீக் ஒட்டுமொத்தமாகக் கைப்பற்றியது. இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார். 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய பழைய லீக்கின் பேரவை தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக இவரை நியமித்தது. அது மலர்மாலையன்று; முட்கிரீடம். லீக் என்னும் சொல்லே நாட்டின் பெரும்பகுதியில் வெறுப்புக்குரியதாகிவிட்ட காலம் அது. வட இந்தியாவில் லீக் தலைவர்கள் பலர் பாகிஸ்தான் சென்றுவிட்டனர். எஞ்சியோரில் பலர் கட்சியைக் கலைத்துவிடுமாறு கூறினர். 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னையில், இன்று இராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டடத்தில் கூட்டம் கூடியது. கலைப்பதா தொடர்வதா என்னும் வாதம் அங்கே நிகழ்ந்தது. தொடர்வதே என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயில் சாகிப் தலைவரானார்.

கலைக்கச் சொன்னோர் அனைவரையும் கோழைகள் என்றோ தன்னலமிகள் என்றோ எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நேர்மையாகாது. அவர்கள் கேட்டது நடைமுறை சார்ந்த கேள்வி. நாளை அனைவரும் ஒன்றாக வாக்களிக்கும் பொதுத்தொகுதி வந்துவிடும். அப்பொழுது இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு எந்தத் தொகுதியில் வெல்வது? பேராயக் கட்சிக்குள் சென்றால் உறுப்பினராகலாம், அமைச்சராகலாம், சமுதாயத்திற்கு வேண்டியதை உள்ளிருந்தே கேட்டுப் பெறலாம் அன்றோ? அவ்வாறு சென்றோருள் நல்லோரும் இருந்தனர். நற்பணி ஆற்றியோரும் இருந்தனர். தொடர வேண்டும் என்றோரின் விடை வேறு. பிறர் தரும் இடத்தில் அமர்ந்தவர் பிறர் குரலிலேயே பேச நேரும். ஓரிடமே கிடைப்பினும் தன் பெயரில் கிடைத்த இடத்திலிருந்து பேசும் பேச்சு வேறு என அவர்கள் கருதினர்.

அரசியல் நிர்ணய சபையில் 1949 மே மாதம் சிறுபான்மையோர் பற்றிய இறுதி விவாதம் நடந்தது. தனி வாக்காளர் தொகுதியை நிலைநிறுத்துமாறு இஸ்மாயில் சாகிப் திருத்தம் கொணர்ந்தார். அவையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்களே அதில் பிளவுபட்டனர். பேகம் ஐஸாஸ் ரசூல் போன்றோர் வெளிப்படையாக எதிர்த்தனர். திருத்தம் தோற்றது. முன்னர் ஏற்கப்பட்டிருந்த இட ஒதுக்கீடும் சமயச் சிறுபான்மையோருக்கு இல்லாமற் போயிற்று. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டும் என முஸ்லிம் உறுப்பினர் சிலர் முன்னதாகக் கேட்டிருந்ததும் பலிக்கவில்லை. அத்தோல்வி நாட்டுக்கு நன்மையாயிற்று என்று கருதுவோர் நம் வாசகருள்ளும் இருப்பர். அவ்வாதத்திற்குள் நாம் புகவில்லை. தாம் எதிர்த்துத் தோற்ற அதே விதியின் கீழ் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவர் தேர்தலைச் சந்தித்தார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அவ்விதியின் கணக்கை மாணவர்கள் சற்றே நின்று பார்க்க வேண்டும். ஒரு தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் ஒருவரே வெல்வார். ஏனையோர் பெற்ற வாக்குகள் அனைத்தும் பயனற்றுப் போகும். நூறு தொகுதிகளில் நூற்றுக்கு ஐவர் வீதம் ஒரு கட்சியின் ஆதரவாளர் பரவியிருந்தால், அக்கட்சிக்கு ஓரிடமும் கிட்டாது. அதே தொகையினர் நெருங்கி வாழ்ந்து ஏழெட்டுத் தொகுதிகளில் பாதிக்கு மேற்பட்டோராக இருந்தால், அந்த ஏழெட்டு இடங்களும் அவர்களுடையவை. ஆதரவு ஒன்றே; நிலப்பரப்பில் அது கிடக்கும் முறையே வேறு. மலபாரில் முஸ்லிம்கள் நெருங்கி வாழ்ந்தனர். தமிழகத்திலோ நெல்லையிலும் இராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் வடஆர்க்காட்டிலும் நீலகிரியிலும் சிதறி வாழ்ந்தனர். காந்தலில் அவர்களுக்கெனத் தெருக்கள் இருந்தன, தொகுதி இல்லை.

1952ஆம் ஆண்டின் முதற் பொதுத்தேர்தல் இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டிற்று. சென்னைச் சட்டமன்றத்தில் லீக் பெற்ற ஐந்து இடங்களும் மலபார் பகுதியிலேயே கிடைத்தன. மக்களவைக்கு மலப்புறத்திலிருந்து பி. போக்கர் சாகிப் ஒருவரே சென்றார். காயிதே மில்லத் மாநிலங்களவைக்கு அனுப்பப்பட்டார். மாநிலங்களவைத் தேர்தல் விருப்பவாக்கு முறையில் நடப்பதால் ஆங்கே சிறிய குழுவுக்கும் மதிப்புண்டு. ஆயினும் 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. தமிழர் தம் மாநிலம் பெற்ற மகிழ்ச்சி நாள் அது. தமிழரான இத்தலைவர்க்கோ தம் வாக்காளர்களை அயல் மாநிலத்தில் விட்டுவிட்ட நாளும் ஆயிற்று. 1958இல் மாநிலங்களவைப் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் 1962 வரை, ஓர் அகில இந்தியக் கட்சியின் தலைவர் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லை. பேராயக் கட்சிக்கு மாறியிருந்தால் அந்த நான்காண்டு இடைவெளி அவருக்கு நேர்ந்திராது என்றே எண்ணுகிறோம்.

நாற்காலியும் பெயரும்

அந்த இடைவெளியில்தான் கேரளத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. நம் பொருளுக்கு இதனினும் தெளிந்த சான்று வேறு கிடைப்பது அரிது. ஆதலின் சற்று விரித்துரைப்போம்.

1957இல் ஆட்சிக்கு வந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அவர்களின் அமைச்சரவை 1959இல் நீக்கப்பட்டது. 1960 பிப்ரவரித் தேர்தலில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் பேராயக் கட்சியும் பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியும் முஸ்லிம் லீக்கும் கூட்டுச் சேர்ந்தன. லீக் 11 இடங்களில் வென்றது. கூட்டணியும் வென்றது. லீக்கின் வாக்குகளைப் பெற்றுக்கொண்ட பேராயக் கட்சி, அமைச்சரவையில் அதற்கு இடம் தர மறுத்தது. வகுப்புவாதக் கட்சியோடு ஆட்சியைப் பகிர்ந்துகொண்டதாக வடநாட்டில் பேச்செழும் என்பது அதன் அச்சம். மாற்றாகச் சட்டமன்றத் தலைவர் பதவி வழங்கப்பட்டது. கே.எம். சீதி சாகிப் அப்பதவியை ஏற்றுச் சிறப்பித்தார். 1961 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

அடுத்து அந்த நாற்காலிக்கு உரியவராகக் கருதப்பட்டவர் சி.எச். முகம்மது கோயா. இம்முறை பேராயக் கட்சி ஒரு நிபந்தனை விதித்தது. அவர் லீக்கின் உறுப்பினர் பதவியிலிருந்து விலக வேண்டும். விலகினால் நாற்காலி உண்டு. லீக்கினர் இடையே எழுந்திருக்கக் கூடிய வாதத்தை எண்ணிப் பாருங்கள். சட்டமன்றத் தலைவர் கட்சி சாராதவராக இருப்பது நல்ல மரபுதானே, இதில் என்ன இழுக்கு என ஒருவர் கேட்டிருக்கலாம். அம்மரபு வேண்டும் என்றால் எல்லாக் கட்சிக்கும் பொதுவாக வேண்டும். நம் பெயருக்கு மட்டும் தீட்டு என்றால் அது மரபாகுமா என மற்றவர் வினவியிருக்கலாம். இரண்டிலும் பொருளுண்டு. முகம்மது கோயா விலகினார்; சட்டமன்றத் தலைவரானார். சில மாதங்களே சென்றன. அவ்வாண்டு நவம்பரில் அவர் பதவியைத் துறந்தார். லீக் கூட்டணியை விட்டு வெளியேறியது.

வெல்லத்தக்க கூட்டணி வெற்றியைத் தந்தது உண்மை. ஆனால் வென்றவர் தம் கட்சியின் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்று அது சொல்லிற்று. 1948இல் கலைக்கச் சொன்னோர் காட்டிய வழியின் முடிவும் இதுவே என்று தொடர்ந்தோர்க்கு அப்பொழுது தோன்றியிருக்கும்.

மஞ்சேரி

1962 தேர்தலில் லீக் கேரளத்தில் ஒருபுறம் பேராயக் கட்சியையும் மறுபுறம் கம்யூனிஸ்டுகளையும் எதிர்த்துத் தனித்து நின்றது. மஞ்சேரியில் காயிதே மில்லத்தும் கோழிக்கோட்டில் முகம்மது கோயாவும் வென்றனர். கூட்டின்றி நின்று பெற்ற இவ்விரு வெற்றிகளும் லீக்கின் மதிப்பை உயர்த்தின.

காயிதே மில்லத் மஞ்சேரியில் வேட்புமனு அளிப்பார், பெரிதாகப் பிரசாரம் செய்யார், மக்களே வெற்றியை வீட்டுக்கு அனுப்பிவைப்பர் என்று மூத்தோர் இன்றும் பெருமிதத்தோடு கூறுவர். பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் அதில் பொதிந்துள்ள வேறொன்றை நாம் கவனிக்க வேண்டும். மலபாரில் தகுதி மிக்க தலைவர்கள் இருந்தனர். சட்டம் பயின்றோரும் சொல்வன்மை உடையோரும் இருந்தனர். அவர்களை விடுத்து, மலையாளம் தாய்மொழியல்லாத ஒருவரை அம்மக்கள் மும்முறை தேர்ந்தெடுத்தனர். நம் ஊர்ச் சாலை, நம் ஊர்ப் பாலம் எனக் கேட்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் தவறில்லை. அவ்வாறு நினையாமைக்குக் காரணம், அங்கே கட்சியின் வெற்றி உறுதியாக இருந்தது என்பதே. தோல்வி பற்றிய அச்சம் இல்லாத இடத்தில் வாக்காளர் தம் இலட்சியத்திற்கே வாக்களிக்க இயல்கிறது. அத்தகைய செல்வம் காந்தல் வாக்காளரிடம் இல்லை. அவர் இலட்சியத்தில் மஞ்சேரியாருக்குக் குறைந்தவர் அல்லர்; எண்ணிக்கையில் குறைந்தவர்.

தமிழ்நாட்டுத் தலைவர் தமிழ்நாட்டில் நிற்காமல் மலையாள நாட்டில் நின்றது அவருடைய அரசியலின் வலிமையா, வலிவின்மையா? தம் மண்ணில் வெல்ல இயலாமையின் ஒப்புதல் அது என்று அக்காலத்திலேயே குறை கூறியோர் இருந்திருப்பர். கணக்கின்படி அவர்கள் சொல்வதை மறுக்க வழியில்லை. ஆனால் தமிழ்நாட்டில் நின்று தோற்றிருந்தால் நாடாளுமன்றத்தில் ஒரு குரல் குறைந்திருக்கும். மொழிச் சிக்கலின் காலத்தில் அக்குரல் தமிழருக்கும் தேவைப்பட்டது. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தின்போதே, பழமையை அளவுகோலாகக் கொண்டால் இந்நாட்டில் முதலிடம் தமிழுக்கே உரியது என எடுத்துரைத்தவர் அவர். தமிழ்த்துறையினராகிய நமக்கு அது மறக்கத்தக்க செய்தியன்று.

1967: ஒரே மலை, இரு கூட்டணிகள்

1965இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் அரிசித் தட்டுப்பாடும் தமிழகத்தில் பேராயக் கட்சியின் செல்வாக்கைக் கரைத்திருந்தன. 1967 தேர்தலுக்குப் பேரறிஞர் அண்ணா அமைத்த அணியில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சி இருந்தது, மார்க்சிஸ்டுகள் இருந்தனர், முஸ்லிம் லீக்கும் இருந்தது. நீலகிரி மக்களவைத் தொகுதி சுதந்திராக் கட்சிக்கு ஒதுக்கப்பட்டது. 1962இல் பேராயக் கட்சியின் அக்கம்மாதேவி அம்மையார் வென்ற தொகுதி அது. இப்பொழுது நஞ்ச கவுடர் நட்சத்திரச் சின்னத்தில் நின்றார்.

காந்தலில் வாழ்ந்த லீக் ஆதரவாளர் ஒருவரைக் கற்பனையில் நிறுத்திப் பார்ப்போம். கடைவீதியில் சிறு வணிகம் செய்பவராகவோ, தோட்டங்களுக்குச் சரக்கு அனுப்புபவராகவோ அவர் இருக்கலாம். அவருடைய கட்சித் தலைவர் அவரை நட்சத்திரத்திற்கு வாக்களிக்கச் சொல்கிறார். சுதந்திராக் கட்சியோ 1959இல் நிலவுச்சவரம்புக்கும் கூட்டுறவுப் பண்ணைக்கும் அரசுக் கட்டுப்பாட்டுக்கும் எதிராகத் தோன்றிய கட்சி. நாட்டில் நிலமும் ஆலையும் உடையோரின் கட்சி என்று பேசப்பட்டது. அதற்கு வாக்களிப்பதற்கும் தம் இயக்கத்தின் குறிக்கோளுக்கும் என்ன தொடர்பு என அவர் வியந்திருக்க வேண்டும். மறுபுறம், இருபதாண்டுகளாக ஆட்சியில் இருந்த பேராயக் கட்சியினர் அவருக்கு அறிமுகமானவர்கள். உரிமம் வேண்டினும் சான்றிதழ் வேண்டினும் அவர்களிடமே சென்று பழகியவர். வாக்குச்சாவடிக்குச் செல்லாமல் வீட்டில் இருந்துவிடுவது மூன்றாவது வழி. அதனையும் ஒரு கொள்கையாகக் கருதியோர் எக்காலத்தும் உண்டு.

அதே காலத்தில் நாடுகாணிக்கு அப்பால் நடந்ததைக் கேள்வியுற்றபோது அவருடைய வியப்பு மேலும் மிகுந்திருக்கும். கேரளத்தில் லீக், மார்க்சிஸ்டுகள் தலைமையில் அமைந்த எழுகட்சி அணியில் இருந்தது. மலையின் இப்பக்கம் இராஜாஜியின் அணி. அப்பக்கம் நம்பூதிரிபாடின் அணி. ஒரே கட்சி, ஒரே தலைவர், ஒரே தேர்தல். ஏழாண்டுகளுக்கு முன் கம்யூனிஸ்டுகளை வீழ்த்தத் தோள் கொடுத்த கட்சிதான் இப்பொழுது அவர்களோடு நின்றது. இதனைச் சந்தர்ப்பவாதம் என்றே எதிர்த்தரப்பினர் அழைத்தனர். அச்சொல்லை நாம் எளிதாக ஒதுக்கிவிட இயலாது. பொருளாதாரக் கொள்கையை அளவுகோலாகக் கொண்டால் அது பொருந்தவே செய்யும்.

காயிதே மில்லத் கொண்ட அளவுகோல் வேறு என்பது அவர் செயல்களிலிருந்து தெரிகிறது. லீக்கை லீக் என்ற பெயரோடே ஏற்று உடன்படிக்கை செய்பவர் யார் என்பதையே அவர் முதலில் பார்த்தார். 1960-61இல் மறுக்கப்பட்டது அதுதான். 1967இல் அண்ணாவும் இராஜாஜியும் இங்கே அதனைத் தந்தனர். நம்பூதிரிபாடு அங்கே அதனைத் தந்தார். ஏனைய கொள்கைகளில் ஒவ்வொருவரோடும் வேறுபட இடம் இருந்தது. தம் இயக்கத்தின் பெயரையும் தனித்தன்மையையும் அவர் விலை பேசவில்லை, பிறவற்றில் விட்டுக்கொடுத்தார். இவ்விரண்டுக்கும் இடையே கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் கருத்து வேறுபட யாவர்க்கும் உரிமை உண்டு. கோடு ஒன்று இருந்தது என்பதை மட்டும் மறுக்க இயலாது.

தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் பேராயக் கட்சிக்குக் கிடைத்தவை மூன்றே. நீலகிரியில் நட்சத்திரம் வென்றது. 1967 மார்ச் 6ஆம் நாள் சென்னையில் அண்ணா முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அதே நாளில் திருவனந்தபுரத்தில் நம்பூதிரிபாடு பொறுப்பேற்றார். அங்கே லீக்கின் முகம்மது கோயாவும் அகமது குரிக்களும் அமைச்சராயினர். கட்சியை விட்டு விலகினால்தான் சட்டமன்றத் தலைவராகலாம் என்று கேட்டவர், கட்சியின் பெயரோடே கல்வி அமைச்சரானார். 1969இல் மலப்புறம் தனி மாவட்டமாயிற்று.

இப்பக்கத்துக் கணக்கும் சொல்லப்பட வேண்டும். தி.மு.க. தனிப் பெரும்பான்மை பெற்றுவிட்டமையால் அதற்குத் தோழமைக் கட்சிகளின் துணை ஆட்சிக்குத் தேவைப்படவில்லை. அண்ணாவின் அமைச்சரவையில் சாதிக் பாட்சா இடம்பெற்றார், அவர் தி.மு.க.வினர். சமுதாயத்தைச் சேர்ந்தவர் அமைச்சரானது சமுதாயக் கட்சியின் வழியாக அன்று. பொதுக் கட்சிகளுக்குள் சென்று பணியாற்றுவதே தக்கது என்று வாதிட்டோர்க்கு அது வலிய சான்று. காந்தலைப் போன்ற ஊர்களின் இளைஞர் பலர் பின்னாளில் திராவிட இயக்கங்களை நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தேர்தல் விதி மாறினால் வாக்காளர் மனமும் மாறும் என்பதற்கு அண்டை நாடாகிய இலங்கை எடுத்துக்காட்டு. அங்கே முஸ்லிம் தலைவர்கள் நெடுங்காலம் ஐக்கிய தேசியக் கட்சியிலும் சுதந்திரக் கட்சியிலும் இருந்தே உறுப்பினர்களாயினர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முஸ்லிம் காங்கிரஸ் தோன்றி, 1989 பொதுத்தேர்தலில் தன் பெயரிலேயே நாடாளுமன்றம் புகுந்தது. சிதறிய வாக்குகளும் அங்கே கூட்டிச் சேர்க்கப்பட்டன. அத்தகைய முறை இங்கு இருந்திருந்தால் காந்தலில் விழும் வாக்கும் நெல்லையில் விழும் வாக்கும் ஒரே பெட்டியில் சேர்ந்திருக்கும்.

இறுதித் தேர்தல்

1971இல் மக்களவைக்கு உரிய காலத்திற்கு முன்பே தேர்தல் வந்தது. தமிழகத்தில் அணிகள் தலைகீழாயின. பேராயக் கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. இந்திரா காந்தியின் பேராயக் கட்சி தி.மு.க.வோடு நின்றது, காமராசரின் பழைய பேராயக் கட்சியோடு, வாழ்நாள் முழுதும் அவரை எதிர்த்த இராஜாஜி கைகோத்தார். லீக் தி.மு.க. அணியிலேயே தொடர்ந்தது. ஆகவே நான்காண்டுகளுக்கு முன் நட்சத்திரத்திற்கு வாக்குக் கேட்ட காந்தல் ஊழியர்கள் இம்முறை அதற்கு எதிரணியில் நின்று உதயசூரியனுக்கு வாக்குக் கேட்க வேண்டியவராயினர். தி.மு.க.வின் மாதா கவுடர் நீலகிரியில் வென்றார். அத்தேர்தலில் வீடு வீடாகச் சென்றோருக்கு விளக்கம் சொல்வது எளிதாக இருந்திராது. வாக்குக் கேட்பவரைவிட வாக்குத் தருபவர்க்கு நினைவாற்றல் அதிகம் என்பதைத் தேர்தல் பணி செய்தோர் அறிவர்.

எனினும் அத்தேர்தலில்தான் நெடுநாள் கனவொன்று நிறைவேறிற்று. பெரியகுளம் தொகுதியில் எஸ்.எம். முகம்மது செரீப் லீக் சார்பில் வென்று, தமிழ்நாட்டிலிருந்து மக்களவை சென்ற முதல் லீக் உறுப்பினரானார். பெரியகுளம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தொகுதியன்று. தி.மு.க.வினரும் பேராயக் கட்சியினரும் அளித்த வாக்குகளே அவரை வெற்றி பெறச் செய்தன. நட்சத்திரத்திற்கும் உதயசூரியனுக்கும் காந்தல் போன்ற ஊர்களில் அளிக்கப்பட்ட வாக்குகளுக்குப் பெரியகுளத்தில் கைம்மாறு கிடைத்தது எனலாம். 1949இல் காயிதே மில்லத் எவ்வாக்காளரை ஐயுற்றுத் தனித்தொகுதி கேட்டாரோ, அந்தப் பொது வாக்காளரே அவர் கட்சியின் வேட்பாளரை அனுப்பிவைத்தனர். அவர் கண்முன்னே அது நடந்தது. மஞ்சேரியில் அவரும் மூன்றாம் முறையாக வென்றார்.

1972ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 5ஆம் நாள் காயிதே மில்லத் சென்னையில் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம் வாழ்நாளில் ஏதேனும் ஒருநாள் தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதியில் நின்று வெல்லும் நிலை வரும் என அவர் எண்ணினாரா என்பதை அவருடைய செயல்களைக் கொண்டு கூற இயலவில்லை. அவர் விட்டுச் சென்ற மஞ்சேரி இடத்திற்கு 1973இல் நடந்த இடைத்தேர்தலில் லீக் நிறுத்திய வேட்பாளர் சி.எச். முகம்மது கோயா, அவரே வென்றார். மஞ்சேரி என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இப்பொழுது இல்லை. 2008ஆம் ஆண்டின் மறுவரையறையில் அது மறைந்து மலப்புறம் தொகுதி உருவாயிற்று. அதே மறுவரையறையில் நீலகிரி, அட்டவணைச் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட தொகுதியாயிற்று. காந்தலின் வாக்குச்சாவடிகள் அத்தொகுதியில்தான் உள்ளன.